குமரி மாவட்டத்துப் பழைய படங்கள்: பெயர் எழுதும் முன் கவனிக்க வேண்டியவை

‘நாகர்கோவில் ரயில் நிலையம், 1935’ என்ற குறிப்போடு ஒரு கறுப்பு வெள்ளைப் படம் உங்கள் கைக்கு வந்தால், தயவுசெய்து அதை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். 1935இல் நாகர்கோவிலுக்கு ரயிலே கிடையாது. இந்த மாவட்டத்துக்கு ரயில் வந்தது 1979 ஏப்ரலில், திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு. திருநெல்வேலியையும் நாகர்கோவிலையும் இணைத்த பாதை 1981 ஏப்ரலில்தான் திறந்தது. இரண்டுமே தொடக்கம் முதல் அகலப் பாதை. குறுகலான மீட்டர் கேஜ் பாதையில் பயணிகள் ரயில் ஓடிய காலம் என்று ஒன்று நம்மூருக்கு இல்லவே இல்லை.

அப்படியானால் அந்தப் படங்கள் எந்த ஊருடையவை? திருநெல்வேலிக்கு 1876இலேயே ரயில் வந்துவிட்டது. செங்கோட்டை–கொல்லம் மலைப்பாதை 1904இல் திறந்தது. அது 1918இல் திருவனந்தபுரம் வரை நீண்டது. அந்தப் பாதையின் பதின்மூன்று வளைவுப் பாலமும் குகைகளும் பார்க்க அத்தனை அழகு. மலையும் பாலமும் தெரிந்தால் போதும், “இது நம் ஆரல்வாய்மொழிப் பக்கம்” என்று எழுதிவிடுகிறார்கள். தனுஷ்கோடியின் இடிந்த நிலையமும் இப்படித்தான் கடலைக் காட்டி நம் கணக்கில் வந்து சேர்கிறது. அது 1964 டிசம்பர் புயல் விட்டுவைத்த மிச்சம், ராமநாதபுரத்துக்காரர்களின் துயரம். அதை நம் பெயரில் எழுதிக்கொள்வது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பழைய ரயில் பாலம் என்று எழுதுவது இன்னொரு பிழை. 115 அடி உயரத்தில் 28 தூண்கள் வரிசையாக நிற்பதைத் தொலைவிலிருந்து பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் பறளியாற்றுக்கு மேலே அது சுமந்து செல்வது பாசனத் தண்ணீரை மட்டுமே. காமராசர் காலத்துத் திட்டம் அது, வெள்ளைக்காரன் காலத்தது அல்ல. மணக்குடியில் இடிந்து கிடந்த பாலத்தின் படத்தையும் பழங்காலச் சிதைவு என்று நினைத்துவிட வேண்டாம். 2004 டிசம்பர் 26இல் சுனாமி அடித்துக்கொண்டுபோன கான்கிரீட் பாலம் அது. அந்தப் படத்துக்குக் கீழே நாளும் ஊரும் சரியாக இருக்க வேண்டும். அன்று அங்கே உயிரிழந்தவர்களின் குடும்பங்கள் இன்றும் அந்தக் கரையில்தான் இருக்கின்றன.

நீர்நிலைப் படங்களில் தவறு எதிர்த்திசையில் நடக்கிறது. தென்னையும் வள்ளமும் தெரிந்தாலே ஆலப்புழை என்று எழுதி, நம் படத்தைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறோம். 1860இல் வெட்டத் தொடங்கிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய், அதாவது ஏ.வி.எம். கால்வாய், நம் கடற்கரை ஊர்களை ஒட்டி மண்டைக்காடு வரை வந்தது. தேங்காப்பட்டணம், குளச்சல் பக்கத்துப் பழைய வள்ளப் படம் எதைக் கண்டாலும் முதலில் அந்தக் கால்வாயை நினைக்க வேண்டும். தாமிரபரணி என்று மட்டும் எழுதியிருந்தால், குழித்துறைத் தாமிரபரணியா நெல்லைத் தாமிரபரணியா என்று விசாரிக்காமல் விடக்கூடாது.

பொழிமுகப் படங்களில் இன்னும் நிதானம் வேண்டும். ஆறு கடலில் சேரும் இடத்தில் கோடையில் மணல் அடைத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் வெள்ளம் அதை உடைத்துக்கொண்டு போகும். பழைய படத்தில் திட்டு இருக்கிறது, இன்று இல்லை, ஆகவே கடல் கரையைத் தின்றுவிட்டது என்று முடிவுகட்டுவது அவசரம். இரண்டு படங்களும் ஒரே மாதத்தில் எடுத்தவைதானா என்பதை முதலில் பார்க்க வேண்டும். வயல் தெரிந்தால் நமக்கு அதுவே ஒரு துப்பு. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ, அதாவது இரண்டு போகம் நெல், விளைந்த நாடு இது. நாற்றா, கதிரா, அறுத்த தாளா என்று பார்த்தே ஊர்ப் பெரியவர் ஒருவர் மாதத்தைச் சொல்லிவிடுவார். அதனால்தான் செயலியில் போட்டு வண்ணம் ஏற்றாதீர்கள் என்கிறேன். அறுவடைக்கு நின்ற வயலையும் அது பச்சை அடித்துவிடும். ஆசைக்கு ஏற்றினாலும், மூலப் படத்தைத் தொடாமல் தனியே வைத்திருங்கள்.

தேதியில் நடக்கும் பிழைகளுக்குப் பெரும்பாலும் மலையாள நாட்டுக் கொல்லம் ஆண்டுக் கணக்கே காரணம். 1956 நவம்பர் 1 வரை தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் திருவாங்கூரோடும், 1949க்குப் பின் திருவாங்கூர்–கொச்சியோடும் இருந்தவை. ஆவணத்திலும் வீட்டுக் குறிப்பிலும் கொல்லம் ஆண்டுதான். படத்தின் பின்னால் ‘99 வெள்ளம்’ என்றிருந்தால் அது 1999 அல்ல. கொல்லம் 1099, அதாவது 1924 ஜூலையில் திருவாங்கூரைப் புரட்டிப்போட்ட பெருவெள்ளம். மூணாற்றுக் குறும்பாதை ரயிலையே அழித்த வெள்ளம் அது. கொல்லம் ஆண்டை ஆங்கில ஆண்டாக்க, ஆவணி பிறந்ததிலிருந்து டிசம்பர் முடிய என்றால் 824ஐக் கூட்டுங்கள். ஜனவரியிலிருந்து ஆடி முடிய என்றால் 825. வெறும் 1099 என்று மட்டும் இருந்து மாதம் தெரியாவிட்டால் 1923–24 என்று இரண்டு ஆண்டையும் சேர்த்தே எழுதுவது நேர்மை.

அதே காரணத்தால், ஆவணக் காப்பகங்களின் தளங்களில் ‘கன்னியாகுமரி மாவட்டம்’ என்று மட்டும் தேடிவிட்டு “ஒன்றுமே இல்லை” என்று திரும்பிவிடக் கூடாது. ‘திருவாங்கூர்’, ‘சவுத் திருவாங்கூர்’, ‘கேப் கொமரின்’ என்ற பெயர்களில் ஆங்கில எழுத்தில் தேட வேண்டும். நாகர்கோவில், நெய்யூர்ப் பக்கம் வேலை செய்த லண்டன் மிஷன்காரர்களின் ஆவணங்கள் லண்டனில் சோவாஸ் (SOAS) பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. திருவாங்கூர் அரசுக்குப் படமெடுத்த சக்கரியா டிக்ரூஸின் படங்கள் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. கூடவே ஒன்று: உலகுக்குப் புகைப்படக்கலை அறிமுகமானது 1839இல். 1729–58இல் ஆண்ட மார்த்தாண்ட வர்மா காலத்து ‘புகைப்படம்’ என்று வருவது ஓவியமோ செதுக்குப் படமோதான்.

இடவலம் மாறிய படங்களும் உண்டு. கண்ணாடி நெகட்டிவைத் திருப்பி வைத்து அச்சிட்டால் அப்படி ஆகிவிடும். குமரிக் கரையில் நின்று பாறைகளைப் பார்த்தால் பெரியது இடக்கைப் பக்கம், வள்ளுவர் சிலை நிற்கும் சிறியது வலக்கைப் பக்கம். மாறியிருந்தால் படம் திரும்பியிருக்கிறது என்று சந்தேகப்படலாம். பெரிய பாறையில் மண்டபம் முழுமையாக நின்று, சிறியது வெறுமையாக இருந்தால், அது 1970ஐ ஒட்டியோ பின்போ, ஆனால் சிலை வேலைக்கு முன்பு எடுத்த படம்.

கையில் அசல் பிரதி இருந்தால் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டூடியோ முத்திரையும் பென்சில் குறிப்பும் அங்கேதான் இருக்கும். ஓரத்தை வெட்டாதீர்கள், பால்பாயின்ட் பேனாவால் எழுதாதீர்கள், லேமினேட் செய்யவே செய்யாதீர்கள். கடற்காற்றும் ஈரமும் உள்ள ஊரில் ஒட்டும் ஆல்பம் படத்தைச் சீக்கிரம் கெடுத்துவிடும்.

கடைசித் தவறு என்னை மிகவும் வருத்துவது. கறுப்பு வெள்ளை மட்டுமே வரலாறு என்று நினைத்து, 1979–81ஐ ஒட்டிய காலத்து வண்ணப் பிரதிகளை வீட்டோடு விட்டுவிடுகிறோம். நமக்கென்று இருக்கும் ரயில் வரலாறே அதுதான். இரணியல், பள்ளியாடி, குழித்துறையில் மண் வெட்டிப் பாதை போட்ட நாள்கள், முதல் ரயிலைப் பார்க்கக் கூடிய கூட்டம், அன்றைய நிலையக் கட்டடங்கள் எல்லாம் அந்தப் படங்களில் இருக்கக்கூடும். இரட்டைப் பாதை வேலையில் பழைய தடயங்கள் மாறிக்கொண்டிருக்கின்றன; அந்தக் காலத்து வண்ணப் பிரதிகளோ சாயம் போய்ச் சிவப்பேறி வருகின்றன. ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், பாதை போட வேலைக்குப் போனவர், நிலம் கொடுத்தவர் வீடுகளில் கேளுங்கள். பிரதி மட்டும் கேட்காமல் நெகட்டிவ் இருக்கிறதா என்றும் கேளுங்கள். கெடாமல் இருந்தால் சாயம் போன பிரதியைவிட அதிலிருந்து எடுப்பது தெளிவாக வரும்.