தொடக்கப்பள்ளியில் கீரைப்பாத்தி

நாற்பது பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு ஆறடி நீளம், மூன்றடி அகலத்தில் ஒரு பாத்தி போதும். அகலத்தைக் கூட்டாதீர்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கை நடுப்பாத்தி வரை எட்டாது, உள்ளே இறங்கி மிதித்துவிடும். சத்துணவுக் கூடத்துக்குப் பக்கத்தில், பாதி நாளாவது வெயில் விழும் இடமாகப் பாருங்கள். அரிசி களைந்த தண்ணீரை அப்படியே ஊற்றலாம்.

அளந்து கயிறு கட்டுவது ஐந்தாம் வகுப்பின் வேலை. சுற்றளவு, பரப்பளவு பாடம் அங்கேயே முடிந்துவிடும். ஒரு சாண் ஆழம் கொத்தி, இரண்டு கூடை மக்கிய தொழுவுரம் கலக்க வேண்டும். மாடு வைத்திருக்கும் பெற்றோரிடம் கேட்டால் கிடைக்கும். பச்சைச் சாணம் மட்டும் வேண்டாம். சூட்டில் வேர் கருகும், புழுவும் வரும்.

சிறுகீரை விதை கடுகைவிடப் பொடிசு. வெறுங்கையால் தூவினால் ஒரே இடத்தில் கொத்தாக விழுந்து, நாற்று நெருங்கி அழுகும். ஒரு டீஸ்பூன் விதையை ஒரு டம்ளர் உலர்ந்த மணலோடு கலந்து தூவுங்கள். மேலே லேசாக மண் தூவினால் போதும், கனமாக மூட வேண்டாம். எறும்பு இழுத்துப் போகாமல் பாத்தியைச் சுற்றிச் சாம்பல் போடுங்கள். முதல் வாரம் பூவாளிதான், வாளி கூடாது.

நான்காம் நாள் முளைவிடும். ஒரே செடியைப் பிள்ளைகள் தினமும் ஸ்கேலால் அளந்து குறிக்கட்டும். இருபத்தைந்து நாளில் வேரோடு பறிக்கலாம். சமையலுக்குக் கொடுக்கும் முன் மூன்று முறை அலசுங்கள்.

வழக்கமாகப் பாத்தி காய்வது சனி, ஞாயிறில். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலேயே விடுமுறையில் தண்ணீர் ஊற்ற எந்த வாரம் எந்த வீடு என்று முறை போட்டுவிடுங்கள்.