பிரெஞ்சுக் குடும்பப் பெயரின் பூர்வீகத்தைத் தேடும் முறை

ஜார்ஜ் டவுனில் உள்ள ஆர்மீனியன் தெருவுக்கு வடசென்னை வாய்வழக்கில் அரண்மனைக்காரத் தெரு என்று பெயர். அரண்மனைக்கும் அந்தத் தெருவுக்கும் தொடர்பில்லை. ஆர்மீனிய வணிகர்களின் பெயர் தமிழ்க் காதில் அப்படி விழுந்து நிலைத்துவிட்டது. ராயபுரத்திலோ பெரம்பூரிலோ வாழும் ஒரு குடும்பம் தன் பெயர் பிரெஞ்சுப் பெயர் என்று கேள்விப்பட்டு அதன் வேரைத் தேடத் தொடங்கும்போது, இந்தத் தெருவை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. பெயர் கடல் கடந்து வரும்போது எழுதுபவரின் காதையும் கையையும் பொறுத்து மாறியிருக்கும். துப்போன் என்று பிரான்சில் ஒலிக்கும் பெயரின் கடைசி எழுத்து அங்கே ஒலிக்காது. ஆங்கிலம் படித்த எழுத்தர் அதைப் படித்தால் டூபாண்ட் ஆகிவிடும். ஆகவே கிடைக்கும் ஒவ்வொரு எழுத்துமுறையையும் ஆண்டு, இடம் ஆகியவற்றுடன் ஒரே நோட்டில் குறித்து வாருங்கள்.

பலரும் முதல் நாளே பிரான்சு நாட்டுப் பதிவேடுகளுக்குள் நுழைந்து அதே பெயருள்ள யாரையாவது முன்னோராக்கிக்கொள்கிறார்கள். இது தவறு. பிரெஞ்சுப் பதிவேடுகள் ஊர்வாரியாக அமைந்தவை. இன்றும் அங்கே முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகள் உள்ளன. ஊர்ப் பெயர் தெரியாமல் அங்கே செய்யும் தேடல் எதுவும் உறுதி தராது. அந்த ஊர்ப் பெயர் கிடைக்கும் வரை தேட வேண்டிய இடம் நம் வீட்டு டிரங்குப் பெட்டிதான். ஞானஸ்நானச் சான்று, திருமணச் சான்று, பெரம்பூர் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர்களின் ஓய்வூதியத் தாள்கள், காசிமேடு கல்லறைத் தோட்டத்துக் கல்லெழுத்து என்று ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கிச் செல்லுங்கள். தேவாலயத்தின் பங்கு அலுவலகத்தில் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்க்க அனுமதி கிடைத்தால் ஓரக் குறிப்புகளையும் படியுங்கள். 1908 முதல் கத்தோலிக்கத் திருமணங்கள் மணமக்கள் ஞானஸ்நானம் பெற்ற பங்கின் ஏட்டிலும் குறிக்கப்பட வேண்டும் என்பது விதி. அந்த ஒற்றை வரியே குடும்பம் எந்த ஊருக்குப் பெயர்ந்தது என்று காட்டிவிடும்.

பெயர் பிரெஞ்சுதானா என்பதையும் இந்தக் கட்டத்திலேயே சோதிக்க வேண்டும். டிசோசா, டிகுரூஸ் போன்றவை போர்த்துக்கீசியப் பெயர்கள். ‘தெ’ என்ற முன்னொட்டு டச்சுப் பெயர்களிலும் உண்டு. டச்சுக்காரர்களின் பழவேற்காடு நமக்கு வெகு தொலைவில் இல்லை. ‘லெ’, ‘துய்’ ஆகியவையே பிரெஞ்சுக்கு வலுவான அடையாளங்கள். 1642இல் மதராசுக்கு வந்த, கப்புச்சின் என்ற கத்தோலிக்கத் துறவற சபையைச் சேர்ந்த எஃப்ரெம் தெ நெவேர் பிரெஞ்சுக்காரர்தான், ஆனால் நெவேர் என்பது ஊரின் பெயர். அச்சபைத் துறவிகள் குடும்பப் பெயரை விட்டு ஊர்ப் பெயரைச் சேர்த்துக்கொள்வது வழக்கம்.

அடுத்து, பெயர் எந்த வழியாக வந்தது என்று பாருங்கள். பிரெஞ்சுப் பெயர் என்றாலே புதுச்சேரி வழி என்று எண்ணிவிடக் கூடாது. 1685இல் பிரான்சு மன்னர் பதினான்காம் லூயி புராட்டஸ்டண்டுகளுக்கு இருந்த உரிமையைப் பறித்தபோது, இரண்டு லட்சம் அளவிலான மக்கள் இங்கிலாந்து, ஹாலந்து, பிரஷ்யா, தென்னாப்பிரிக்கா என்று சிதறினார்கள். அந்தக் காலத்தில் மதராசில் வைர வணிகம் செய்த தனியேல் ஷார்தேன், பாரிசைச் சேர்ந்த புராட்டஸ்டண்டுக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய அண்ணன் ழான் ஷார்தேன் இலண்டனில் குடியேறியவர். இப்படிப்பட்ட பெயரானால் ஆங்கிலேயக் கம்பெனி ஆவணங்களைத்தான் முதலில் தேட வேண்டும். மதராசு தேவாலயங்களிலிருந்து இலண்டனுக்கு அனுப்பப்பட்ட ஞானஸ்நான, திருமண, அடக்கப் பட்டியல்கள் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. போர் வழியாக வந்தவர்களும் உண்டு. 1735இல் லியோனில் பிறந்த குளோத் மார்த்தேன் பிரெஞ்சுப் படையில் வந்து, 1760இல் ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்து, லக்னோவில் மறைந்தார். அவரது பெயர் இங்கிலாந்திலும் பரவலாக உள்ளதால், மார்ட்டின் என்ற பெயரை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது.

புதுச்சேரி வழியில்தான் தமிழ்க் குடும்பங்கள் மிகுந்த கவனம் கொள்ள வேண்டும். 1881 செப்டம்பர் 21ஆம் நாள் வெளியான ஆணை, பிரெஞ்சிந்தியர்கள் தம் சமூகத்துக்குரிய தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தின்கீழ் வர வழி செய்தது. ரெனோன்சான் என்று அழைக்கப்பட்ட அவர்கள் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுத்துப் பதிந்தார்கள். வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை, வாயில் என்று பொருள்படும் லா போர்த் என்பதைச் சூடினார். அத்தகைய பெயரின் பூர்வீகம் பிரான்சில் இல்லை. அதைத் தாங்கிய பாட்டனார் தமிழர். அவருக்கு முந்தைய தலைமுறையைத் தமிழ்ப் பெயரில்தான் தேட வேண்டும். இதை ஏமாற்றமாகக் கொள்ள வேண்டியதில்லை என்பது என் உறுதியான எண்ணம், ஏனெனில் பெயரைத் தானே தேர்ந்தெடுத்த மனிதர் அதை வெறுமனே பெற்றவரைவிட நமக்கு நெருக்கமாகத் தெரிகிறார். புதுச்சேரி, காரைக்கால் முதலான ஊர்களின் பழைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளின் படங்களைத் தென்பிரான்சின் எக்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக்காப்பகம் இணையத்தில் இலவசமாகத் தருகிறது.

ஊர்ப் பெயர் கிடைத்துவிட்டால், அந்த மாவட்டத்து ஆவணக்காப்பகத் தளத்தைத் திறக்கலாம். 1792 செப்டம்பருக்குப் பிந்தையவை அரசுப் பதிவுகள். முந்தையவை பங்குப் பதிவுகள். ஞானஸ்நானங்களைப் பதிய வேண்டும் என்ற ஆணை 1539ஆம் ஆண்டுக்குரியது. பத்தாண்டுக்கு ஒன்றாக உள்ள அகரவரிசைப் பெயர்ப் பட்டியலில் தொடங்கினால் நேரம் மிச்சமாகும். 1793 முதல் 1805 வரை, பிரெஞ்சுப் புரட்சி அரசு கொண்டுவந்த தனி நாட்காட்டியின் தேதிகள் வரும். அவற்றை நம் வழக்கமான தேதிகளாக மாற்றிக்கொள்ள வேண்டும். பாரிஸ் முன்னோர் என்றால் 1871 தீயில் பழைய பதிவுகள் எரிந்துபோயின, ஒரு பகுதியே மீட்டெழுதப்பட்டது. பிறப்பு, திருமணப் பதிவுகள் 75 ஆண்டுகள் கழித்தே பொதுப் பார்வைக்கு வரும்.

பெயரின் பொருளைக் கடைசியில் பாருங்கள். கொல்லன் என்பதற்கு வடக்கே லெஃபெவ்ர், தெற்கே ஃபாப்ர் அல்லது ஃபோர், வடமேற்கிலுள்ள பிரெத்தாஞ் பகுதியில் லெ கோஃப் என்று பெயர்கள் வழங்குகின்றன. கொல்லர் இல்லாத ஊர் இல்லை என்பதால், இப்பெயர் கொண்ட இருவர் உறவினராக இருக்க வேண்டியதில்லை. பதிவேட்டில் ஊர் அழிந்திருக்கும் இடத்தில் மட்டும் இந்தப் பொருளறிவு கைகொடுக்கும்: லெ கோஃப் என்று தெளிவாகப் படிக்க முடிந்தால், முதலில் பிரெத்தாஞ் பகுதி மாவட்டங்களின் ஏடுகளைத் திறக்கலாம்.