கிணற்றில் குதிக்கும் முன்

கோடை விடுமுறையில் கிணற்றைக் கண்ட பிள்ளைகளைத் தடுத்து நிறுத்துவது நடக்காது. சரியாக இறங்கக் கற்றுக்கொடுங்கள்.

முதல் வேலை, மோட்டாரின் மெயின் சுவிட்சை அணைப்பது. வயர் நைந்திருந்தால் தண்ணீரிலேயே மின்சாரம் பாயும். அடுத்து, கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, நனைந்த நீளத்தை அளந்து பாருங்கள். ஓரிடத்தில் அளந்தால் போதாது; நடுவில் 15 அடி இருக்கும் கிணற்றில் ஓரத்துப் பாறை 4 அடியிலேயே நிற்கலாம். போன வாரம் குதித்த இடம்தானே என்று நம்புவதுதான் பெரிய தப்பு. பாசனத்துக்கு இறைத்த பின் நீர்மட்டம் இறங்கியிருக்கும். தலைகீழாகப் பாய்ந்து கழுத்துத் தண்டுவடம் நசுங்கினால் கைகால் செயலிழந்துபோகும். ஆகவே கால்தான் முதலில்.

பழகுபவருக்கு அக்குளுக்குக் கீழே நெஞ்சைச் சுற்றிக் கயிறு கட்டுங்கள். சுருக்கு முடிச்சு வேண்டாம், இழுக்க இழுக்க இறுகும். மறுமுனையை நீச்சல் தெரிந்த பெரியவர் பிடிக்கட்டும். படிக்கட்டைப் பிடித்தபடி காலை மட்டும் அடித்துப் பழகட்டும். புதிதாகப் பழகுபவர் முழுகுவது பெரும்பாலும் தலையைத் தூக்குவதால்தான்: தலை உயர்ந்தால் கால் தாழும். முகத்தை நீரில் வைத்து மூச்சை விட்டு, பக்கவாட்டில் திரும்பி இழுக்க வேண்டும்.

யாராவது தத்தளித்தால் உள்ளே பாயாதீர்கள், பயத்தில் உங்களையும் அமுக்கிவிடுவார். காற்றடைத்த டியூபை வீசுங்கள்.

பாழுங்கிணற்றில் இறங்கவே வேண்டாம். அடியில் விஷவாயு தேங்கியிருக்கலாம்.