நைந்துபோகாத சட்னி சாண்ட்விச்

மயிலாப்பூரிலிருந்து காலை 7 மணிக்கே என் மகள் கல்லூரிக்குக் கிளம்பிவிடுகிறாள். மதியம் டப்பாவைத் திறக்கும்போது பிரெட் நைந்திருக்கக் கூடாது. என் கவலையெல்லாம் அதுதான்.

வெள்ளரிக்காயையும் தக்காளியையும் வட்டமாக நறுக்கி, உப்புத் தூவி 10 நிமிடம் வையுங்கள். உப்பு நீரை வெளியே இழுத்துவிடும். துணியால் ஒற்றியெடுங்கள். தக்காளியின் விதைப்பகுதியை நான் சேர்ப்பதே இல்லை. அது அன்றைய ரசத்துக்குப் போய்விடும்.

சட்னிதான் இதற்கு உயிர். ஒரு கட்டு கொத்தமல்லி, கைப்பிடி புதினா, 2 பச்சை மிளகாய், சிறு துண்டு இஞ்சி, 1 மேசைக்கரண்டி பொட்டுக்கடலை, உப்பு, அரை மூடி எலுமிச்சைச் சாறு. தண்ணீர் ஊற்றாமல் கெட்டியாக அரையுங்கள். மீதமிருக்கும் ஈரத்தைப் பொட்டுக்கடலை உறிஞ்சிக்கொள்ளும். தேங்காய் வேண்டவே வேண்டாம், சென்னை வெயிலில் மதியத்துக்குள் ஊசிப்போகும்.

இரண்டு பிரெட் துண்டுகளிலும் ஓரம் வரை வெண்ணெய் தடவுங்கள். வெண்ணெய்ப் படலம் ஈரத்தைத் தடுக்கும். ஓரத்தை விட்டால் அந்த வழியாக நுழைந்துவிடும். அதன்மேல் சட்னி, வேகவைத்து நன்றாக ஆறிய உருளைக்கிழங்கு வில்லைகள், காய்கள், மிளகுத்தூள்.

உடனே சாப்பிடுவதானால் தோசைக்கல்லில் சிறு தீயில் வாட்டுங்கள். டப்பாவுக்கு வாட்ட வேண்டாம். சூட்டோடு மூடினால் ஆவி நீர்த்துளியாகி பிரெட்டில்தான் இறங்கும்.