‘இங்கிதமில்லாதவர்’ என்று எழுதும் முன்

ஒருவர் காபித் தம்ளரைத் தட்டிவிடுகிறார். இன்னொருவர் துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது பழக்கத்தில் ‘போய்ட்டு வரேன்’ என்று சொல்லிவிடுகிறார். மற்றொருவர் குழந்தையில்லாத தம்பதியரிடம் உறவினர் கூட்டத்தில் வைத்து ‘விசேஷம் ஒன்றும் இல்லையா?’ என்று கேட்கிறார். மூவரையும் ஒரே சொல்லால் சுட்டினால் யாரோ ஒருவருக்கு அநியாயம் நேரும் என்பதால், பிழை எங்கே நிகழ்ந்தது என்பதை முதலில் பாருங்கள்.

முதலாமவரைப் பற்றிக் ‘கை தவறிவிட்டது’ என்று எழுதினால் போதும். எப்போதும் பரபரப்பாகவே இயங்குபவரானால் ‘அவசரக்குடுக்கை’ பொருந்தும். ‘கையாலாகாதவர்’ என்று மட்டும் எழுதாதீர்கள். அது தடுமாற்றத்தை அல்ல, திறமையே இல்லாததைக் குறிக்கும் வசை. இரண்டாமவர் நாப்பழக்கத்தால் தவறியவர், அல்லது வெள்ளந்தியான மனிதர்.

மூன்றாமவருக்கே ‘இங்கிதமில்லாதவர்’ என்ற சொல் உரியது. ‘இங்கிதம்’ என்பது வடமொழியில் உள்ளத்தை வெளிக்காட்டும் முகக்குறிப்பையும் உடல்குறிப்பையும் சுட்டும் சொல். திருக்குறள் இதனைக் ‘குறிப்பறிதல்’ என்று 71ஆம் அதிகாரத்தில் அரசவைக்கும், 110ஆம் அதிகாரத்தில் காதலுக்கும் வைத்துப் பேசுகிறது. எனவே எதிரே இருப்பவரின் முகம் வாடுவதைக் கண்டும் உணராமல், அல்லது பார்க்கவே முயலாமல் பேசுபவருக்கே இச்சொல்லை வைத்துக்கொள்வது நல்லது.

நிலைமையை நன்கு உணர்ந்திருந்தும், சொல்லும் விதத்தில் மென்மை இல்லாவிட்டால் அது ‘நாசூக்கின்மை’. அப்படிப் பேசியது கேட்டவரைப் புண்படுத்தினால் ‘முகத்திலடித்தாற்போல்’ என்றும், யோசிக்காமல் முடிவெடுத்தால் ‘எடுத்தேன் கவிழ்த்தேன் என்று’ என்றும் எழுதலாம்.

‘அதிகப்பிரசங்கி’ என்ற சொல்லில் எனக்குத் தயக்கம் உண்டு. பெரியவர்கள் இளையவர்களை அடக்கவே பெரும்பாலும் இதைப் பயன்படுத்துகிறார்கள்; நியாயமான கேள்வி கேட்ட பெண்ணின் மீதும் இது எளிதில் விழுந்துவிடுகிறது. கேள்வி தவறா, கேட்டவரின் வயதுதான் உறுத்துகிறதா என்று பார்த்த பிறகே இதை எழுதுங்கள்.

சொல் எதுவும் சரியாக அமையாதபோது நிகழ்ச்சியையே எழுதுங்கள். ‘சித்தப்பா இங்கிதமில்லாமல் கேட்டார்’ என்பதற்குப் பதிலாக, ‘பந்தியில் சித்தப்பா விசேஷம் உண்டா என்று உரக்கக் கேட்டார், அவள் இலையை மூடிவிட்டு எழுந்தாள்’ என்று எழுதலாம்.