கார்ப்பெட் கழுவ ஆள் கூப்பிடும் முன்

அப்பா ஸ்ரீநகருக்குப் போனபோது வாங்கி வந்த ஆறுக்கு நாலு அடி கம்பளி விரிப்பு ஒன்று எங்கள் சென்னை வீட்டு ஹாலில் கிடந்தது. ஒரு ஐப்பசியில், தீபாவளி அவசரத்தில், சோபா கழுவ வந்தவரிடமே அதையும் கொடுத்துவிட்டோம். வாளியில் துணி துவைக்கும் பவுடரைக் கரைத்து, நாரு பிரஷ்ஷால் தேய்த்து முடித்து, "சாயங்காலம் காஞ்சிடும் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். வெளியே மழை. நான்கு நாள் ஆகியும் ஈரம் போகவில்லை. சிவப்புச் சாயம் வெள்ளைக் கரையில் இறங்கி அப்படியே நின்றுவிட்டது. இன்றுவரை அந்தக் கரை இளஞ்சிவப்புதான். உங்கள் வீட்டில் அது நடக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

படி 1: முதலில் விரிப்பைத் திருப்பிப் பாருங்கள்

ஆளைத் தேடும் முன் வீட்டில் இருப்பது என்ன சரக்கு என்று தெரிய வேண்டும். பின்பக்கமும் அதே பூவேலை தெளிவாக, சின்னச் சின்ன முடிச்சாகத் தெரிந்தால் அது கையால் முடிச்சுப் போட்டு நெய்தது. பின்னால் துணி ஒட்டி மூடியிருந்தால் 'டஃப்டட்' வகை. உள்ளே லேடெக்ஸ் பசைதான் இழையைப் பிடித்திருக்கிறது. பழைய பசை நனைந்து ஊறினால் துணி பிரிந்து வந்துவிடும்.

அடுத்து, ஓரத்திலிருந்து ஓரிரு இழையை உருவி, சிங்க் மேல் இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சியால் கொளுத்துங்கள். முடி கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி அல்லது பட்டு. உருகி உருண்டையாகக் கெட்டிப்பட்டால் செயற்கை இழை. காகிதம் எரியும் வாடை வந்தால் பருத்தியாகவோ, பட்டுபோல் மினுங்கும் விஸ்கோஸாகவோ இருக்கும். இவற்றில் விஸ்கோஸ்தான் ஆபத்தானது. நனைந்தால் வலு இழக்கும், மஞ்சளடிக்கும். பவானி ஜமக்காளம் என்றால் ஆளே வேண்டாம். தனியாக நனைத்து வீட்டிலேயே அலசிவிடலாம்.

படி 2: சாயம் பாருங்கள்

வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து, அடர்ந்த நிறத்தின் மேல் ஒரு நிமிடம் அழுத்தி எடுங்கள். துணியில் நிறம் ஏறினால், போனில் பேசும்போது முதலில் அதைச் சொல்லுங்கள்.

படி 3: போனில் கேட்க வேண்டியவை

விலையைக் கடைசியில் கேளுங்கள். முதல் கேள்வி: "எப்படிக் காய வைப்பீங்க?" சென்னை போன்ற கடலோர ஊரில் காற்றிலேயே ஈரம் இருக்கும். கழுவுவதை யாரும் செய்துவிடலாம். காய வைப்பதில்தான் தொழில் தெரிந்தவர் யார் என்பது தெரியும். "உறிஞ்சுற மெஷின்ல ரெண்டு தடவை தண்ணியை எடுத்துட்டு, ஃபேன் வெச்சிடுவோம், நாளைக் காலைல காஞ்சிடும்" என்பது நல்ல பதில். "வெயில்ல போட்டுடுங்க" என்றால் வேறு ஆளைப் பாருங்கள். இரண்டு நாளுக்கு மேல் ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும், உச்சி வெயிலில் நிறம் வெளுக்கும்.

இரண்டாவது: "எதை வெச்சுக் கழுவுவீங்க?" கம்பளிக்குக் காரமில்லாத சோப்பு வேண்டும். பிளீச் என்ற பேச்சு வந்தாலே போனை வைத்துவிடலாம். குளோரின் பிளீச் கம்பளி இழையையே அரித்துவிடும். 'ஸ்டீம் கிளீனிங்' என்று பலர் சொல்வது உண்மையில் சுடுதண்ணீரைப் பீய்ச்சி உடனே உறிஞ்சும் முறை. செயற்கை இழைக்கு அது நன்றாக வேலை செய்யும். 'ஷாம்பூ வாஷ்' என்றால், நுரையைத் திரும்ப எடுப்பார்களா என்று கேளுங்கள். அடியில் தங்கும் சோப்பு பிசுபிசுவென்று தூசியை இழுக்கும், ஒரே மாதத்தில் பழையபடி அழுக்காகும்.

மூன்றாவது, கழுவும் முன் வேக்குவம் போடுவார்களா? உள்ளே இருப்பதில் பெரும்பகுதி உலர்ந்த மணலும் தூசியும்தான். அதை எடுக்காமல் நனைத்தால் சேறாகிவிடும்.

கையால் நெய்த விலை உயர்ந்த விரிப்பை வீட்டில் வைத்துக் கழுவ விடாதீர்கள். பட்டறைக்கு எடுத்துப் போய்க் கழுவுபவரிடம் கொடுங்கள். கொடுக்கும் முன் முன்பக்கம், பின்பக்கம், குஞ்சம், இருக்கும் கறை எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அவருக்கே அனுப்பி வையுங்கள்.

படி 4: விலை

சதுர அடிக் கணக்கில் கேளுங்கள். எட்டுக்கு ஐந்து என்றால் 40 சதுர அடி. ஜிஎஸ்டி, வண்டிச் செலவு, கறை எடுக்கத் தனிக் காசு எல்லாம் சேர்த்த தொகையை எழுத்தில் வாங்குங்கள். பார்க்காமலே "எல்லாக் கறையும் போயிடும்" என்பவரைவிட, "மஞ்சள் கறை முழுசா போகாதுங்க" என்று முன்கூட்டியே சொல்பவரை நான் நம்புவேன்.

படி 5: வேலை நடக்கும் நாள்

ஐப்பசி, கார்த்திகையைத் தவிர்த்துத் தை பிறந்ததும் வைத்துக்கொள்ளுங்கள். சோப்பைக் கண்ணுக்குப் படாத மூலையில் முதலில் போட்டுக் காட்டச் சொல்லி, பத்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். முடிந்ததும் உள்ளங்கையை நன்றாக அழுத்துங்கள். கை ஜில்லென்று இருந்தால் சரி. விரலிடுக்கில் தண்ணீர் ஊறி வந்தால் இன்னொரு முறை உறிஞ்சச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு பணத்தைக் கொடுங்கள்.