மாடியில் சோலார் வைக்கப் போகிறீர்களா?

மதுரையில் வீட்டு வயரிங் வேலை செய்கிறேன். சோலார் கேட்பவர்களை முதலில் மொட்டை மாடிக்கு அழைத்துப் போவேன். காலை 9 மணிக்கும் மாலை 4 மணிக்கும் நிழல் விழும் இடத்தைச் சாக்பீஸால் குறித்து வையுங்கள். தண்ணீர்த் தொட்டி, பக்கத்து வீட்டுத் தென்னை, எதையும் விடாதீர்கள். ஒரு பேனலில் விழும் நிழல், அதோடு வரிசையாக இணைத்தவற்றின் உற்பத்தியையும் குறைக்கும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்வதால் நிழல் இன்னும் நீளும்.

ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி வேண்டும். நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் வரும். பேனல் தெற்கு பார்த்து, 10 டிகிரி சாய்வில் இருக்கட்டும்.

அப்புறம், பேனல் தரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டிதான் இன்வெர்ட்டர். பேட்டரி இல்லாமல், தெரு மின்லைனோடு இணைந்து ஓடும் ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் கரண்ட் போனால் தானாக நின்றுவிடும். பழுது என்று நினைக்காதீர்கள். உங்கள் மாடியிலிருந்து மின்சாரம் திரும்பிப் போய், கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனைத் தாக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. அதை மாற்றித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் சம்மதிக்கவே வேண்டாம்.

பழைய 75 வாட் ஃபேன்களை முதலில் மாற்றுங்கள். பிஎல்டிசி ஃபேன் (பிரஷ் இல்லாத மோட்டார் கொண்டது) சுமார் 30 வாட்டில் ஓடும். சிறிய சோலாரே போதுமானதாகலாம்.

பேனலை விடியற்காலையில், சூடேறும் முன் கழுவுங்கள். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் நல்ல தண்ணீரில் துடைத்துவிடுங்கள்.